விருந்து முடிந்ததும் சின்னக் கிளாஸில் எதை ஊற்றுவது? இஞ்சி ஒயினா, பிளம் லிக்யூரா, லிமோன்செல்லோவா?

குன்னூர் மார்க்கெட்டில் பிளம் கூடைகள் இறங்கத் தொடங்கும் மே கடைசியிலேயே எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பேச்சு ஆரம்பித்துவிடும். கோத்தகிரியில் இருக்கும் சித்தி மகளிடமிருந்து அப்போதுதான் ஃபோன் வரும்: "அக்கா, இந்த வருஷம் பிளம் போடட்டுமா, இல்லை அத்தை பக்குவத்தில் இஞ்சி ஒயினோடு நிறுத்திக்கட்டுமா?" கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பர் ஒருவருக்கு வேறு குழப்பம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் லிமோன்செல்லோ என்ற இத்தாலிய எலுமிச்சை மதுவை வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதை யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

இரண்டு பேர் கேட்பதும் ஒன்றைத்தான். பிரியாணியும் கேக்கும் முடிந்து எல்லோரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, இனிப்பாக, தொண்டைக்கு இதமாக, ஒரு வாய் அளவுக்கு எதை ஊற்றுவது?

லிக்யூர் என்ற சொல்லைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் பேச்சில் லிக்கர் என்பது எல்லா மதுவுக்கும் பொதுப்பெயர். லிக்யூர் அதில் ஒரு சின்னக் கிளை. பழம், தோல், மூலிகை என்று ஏதாவது ஒன்றின் மணம் இறங்கி, சர்க்கரை தாராளமாகச் சேர்ந்த மது அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, குறைந்தது 15 சதவீத ஆல்கஹாலும், பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும் இருந்தால்தான் லேபிளில் அந்தப் பெயரைப் போட முடியும். இந்தக் கணக்கில் நம் ஊர் இஞ்சி ஒயின் தேறாது, அதில் ஆல்கஹாலே இல்லை. ஆனாலும் விருந்தில் அது வந்து உட்காரும் இடம் இதே இடம்தான். அதனால் சேர்த்தே பார்க்கிறேன்.

## வீட்டு ஒயினை ஏன் விட்டுவிட்டேன்

பழத்தில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் ஒயின் மலையில் பழைய பழக்கம். பாட்டி வீட்டு ஜாடி என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்போம். ஆனால் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தமிழ்நாட்டில் மது தயாரிப்பது குற்றம். 2024இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். ஒரு கிளாஸ் இனிப்புக்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எனக்கு முதல் கேள்வி, அறையில் யார் யார் இருக்கப்போகிறார்கள் என்பது. ருசி அதற்குப் பிறகுதான். மாமியார், சர்க்கரை வியாதி உள்ள பெரியப்பா, பத்து வயதுப் பையன், ராத்திரியே வண்டி ஓட்டிக் கீழே இறங்க வேண்டிய மைத்துனர் என்று எல்லோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, இன்றைக்குத் தேதி என்ன? டிசம்பர் 15க்கு மேல் இதை யோசிப்பவர்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். மூன்றாவது, விலைச் சீட்டில் தெரியாத செலவுகள். நான்காவது நம் குளிர். கடலோர ஊர்களில் பிறந்த பானத்தை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதே மாதிரி கொடுத்தால் சில சமயம் எடுபடாது. கடைசியாக, மிச்சம் என்ன ஆகும் என்பது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பார்வையில்:

| | இஞ்சி ஒயின் | பிளம் லிக்யூர் | லிமோன்செல்லோ |
|---|---|---|---|
| ஆல்கஹால் | இல்லை | சுமார் 20% | பெரும்பாலும் 25 முதல் 32% |
| எப்போது தொடங்குவது | ஒரு வாரம் முன்பு | ஜூனில் | யாராவது ஊருக்கு வரும்போது |
| ஒரு கிளாஸ் | 50 மி.லி., வெதுவெதுப்பாக | 30 மி.லி., அறைக் குளிரில் | 30 மி.லி., ஃப்ரீசரிலிருந்து |
| மிச்சம் | ஃப்ரிட்ஜில் சில வாரம் | ஒரு வருடம் தாண்டும் | ஃப்ரீசரில் பல மாதம் |
| தொல்லை | சர்க்கரை | காத்திருப்பது | கொண்டுவந்து சேர்ப்பது |

## இஞ்சி ஒயின்

பெயர் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே இஞ்சி ஒயின் என்றால் உலர்திராட்சையைப் புளிக்கவைத்து இஞ்சி சேர்த்த நிஜ ஒயின், ஆல்கஹால் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இங்கே ஆங்கிலோ இந்தியர் சமையலறைகளில் அது புளிக்கவைக்காத பானமாக மாறி, கிறிஸ்துமஸ் மேஜையில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. இஞ்சி, காய்ந்த மிளகாய், கிராம்பு, பட்டை, ஏலக்காய், சர்க்கரை, எலுமிச்சை. நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை.

மிளகாயா என்று கேட்காதீர்கள். மது தொண்டையில் கொடுக்கும் அந்தச் சூட்டை இங்கே கொடுப்பது அதுதான். மிளகாய் போடாத இஞ்சி ஒயின் வெறும் இஞ்சி சர்பத்.

அத்தையின் கணக்கு இது: நசுக்கிய இஞ்சி 100 கிராம், மிளகாய் நாலைந்து, ஆறு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு ஏலக்காய், தண்ணீர் ஒன்றரை லிட்டர், சர்க்கரை முக்கால் கிலோ, மூன்று எலுமிச்சம்பழம். சமவெளிக் குறிப்புகளில் அரை மணி நேரம் கொதிக்கவிடச் சொல்வார்கள். குன்னூரில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கம்மி. பருப்பு வேக நேரமாவதைப் போல இஞ்சிச் சாறு இறங்கவும் நேரமாகும். அதனால் நாற்பத்தைந்து நிமிடம், சிறு தீயில். பிறகு வடிகட்டி ஒரு ராத்திரி அப்படியே வைத்தால் இஞ்சி மாவு வெள்ளையாக அடியில் படியும். தெளிவை மட்டும் அலுங்காமல் இறுத்து, சர்க்கரை சேர்த்து, மறுபடி ஒரு கொதி. கருக்கிய சர்க்கரையையும் அப்போதே சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறு மட்டும் ஆறிய பிறகு. மாவைப் பிரிக்காமல் விட்டால் பாட்டிலில் கலங்கிய குட்டைத் தண்ணீர் போல நிற்கும். குடிக்கலாம், ஆனால் விருந்தாளி முன்னால் வைக்க மனசு வராது.

எசென்ஸ் வாங்கிச் சர்க்கரைப் பாகில் கலப்பவர்களும் உண்டு. அரை மணி நேர வேலை. காரம் நாக்கு நுனியில் நின்றுவிடும், தொண்டைக்குள் இறங்காது. நாற்பது பேருக்குச் செய்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இதன் மறைமுகச் செலவு சர்க்கரை. மேலே சொன்ன அளவில் 50 மில்லி கிளாஸ் ஒன்றில் சுமார் 20 கிராம், அதாவது நாலு டீஸ்பூனுக்கு மேல். மது இல்லை என்ற தைரியத்தில் பெரியவர்கள் இரண்டு மூன்று கிளாஸ் கேட்பார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மூன்று பங்கு வெந்நீர் விட்டு விளாவி, ஒரே ஒரு கிளாஸ் கொடுங்கள். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் அது வெளியே வைத்தால் சில நாளில் நுரைக்க ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜிலேயே வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

இன்னொரு செலவு பெயர். ஒரு வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கிளாஸைக் கையில் வாங்கிவிட்டு, "இது என்னம்மா?" என்றார். நான் பெருமையாக "இஞ்சி ஒயின் தாத்தா" என்றேன். கிளாஸ் அப்படியே மேஜைக்குத் திரும்பிவிட்டது. அதன்பிறகு எவ்வளவு விளக்கியும் அவர் தொடவில்லை. இப்போதெல்லாம் மதுவைத் தொடாத வீட்டாருக்குக் கொடுக்கும்போது "இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, சாராயம் கிடையாது" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.

ஊற்றுவது எளிது. லேசாகச் சூடு பண்ணி, டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் பாதி. லிக்யூர் கிளாஸ் தேடி அலைய வேண்டாம். டீ கிளாஸ் கைக்கும் சூடு கொடுக்கும். கூட ஒரு தட்டில் வறுத்த முந்திரி, இல்லாவிட்டால் ஊட்டி வர்க்கி. வர்க்கியின் நெய் வாசமும் இஞ்சியும் நன்றாகச் சேரும்.

மது வேண்டும் என்பவர்களுக்கும் இதே பாட்டில் உதவும். பிரிட்டனில் விஸ்கியும் இஞ்சி ஒயினும் கலந்து விஸ்கி மாக் என்பார்கள். நம் இஞ்சி ஒயினில் 30 மில்லி விஸ்கியோ ரம்மோ சேர்த்தால் அந்த ஜாடை வந்துவிடும். ஒரே ஜாடியிலிருந்து பாட்டிக்கும் மாமாவுக்கும் ஊற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே என் வீட்டில் இது எப்போதும் முதலில் நிற்கிறது.

## பிளம் லிக்யூர்

இதைத் தமிழில் ஊறல் என்று சொல்லலாம் என்று தோன்றும். சொல்லாதீர்கள். சாராய ஊறல் அழிப்பு என்று செய்தித்தாளில் படித்துப் படித்து அந்தச் சொல்லுக்கு வேறு வாசம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் "பிளம் போட்டாச்சா?" என்றுதான் கேட்போம்.

புளிக்கவைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கே புதிதாக மது உண்டாவதில்லை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்பழத்தை ரம்மில் ஊறவைக்கிறோமே, அதே வேலையைப் பச்சைப் பழத்தில் செய்கிறோம். ஜப்பானில் உமேஷு என்பது இதுதான். உமே என்ற புளிப்புக் காயைப் பச்சையாகவே பறித்து, கற்கண்டோடு 35 சதவீத வெள்ளை மதுவில் போடுவார்கள். வீடுகளில் இதைச் செய்ய 1962இல் அங்கே சட்டம் இடம் கொடுத்தது, 20 சதவீதத்துக்குக் குறையாத மதுவில்தான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மது அதைவிட மெலிந்தால் பழம் புளிக்க ஆரம்பித்துவிடும்.

அந்த நிபந்தனையின் அர்த்தம் எனக்கு அனுபவத்தில் புரிந்தது. முதல் முறை போட்டபோது ஆசையில் பழத்தை அமுக்கி நிரப்பி, கழுவிய ஈரத்தோடு, பிராந்தியைச் சிக்கனமாக ஊற்றினேன். ஜூலை மழையில் ஒரு நாள் அலமாரிக்குள்ளிருந்து டப் என்று சத்தம். மூடி ஒரு பக்கம், சிவப்புச் சாறு ஒரு பக்கம். அலமாரிக் கட்டையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

இப்போது என் அளவு: கொஞ்சம் கெட்டியான, புளிப்புள்ள, தோல் நன்றாகச் சிவந்த பிளம் ஒரு கிலோ, சர்க்கரை 400 கிராம், 750 மில்லி பிராந்தி ஒரு பாட்டில். நம் ஊர்ப் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். பழச்சாறும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு மொத்தம் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதற்குக் கீழே போக விடக் கூடாது. பழத்தைக் கழுவி, துணியால் துடைத்து, ஒரு ராத்திரி விரித்து உலர்த்துங்கள். குன்னூர் ஈரத்தில் ஒரு ராத்திரி கூடப் போதாது, நான் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைப்பேன். பழத்துக்குப் பழம் ஏழெட்டு இடத்தில் பல்குத்தும் குச்சியால் குத்தி, கண்ணாடி ஜாடியில் போட்டு, பழம் முழுகும்வரை பிராந்தி. முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு முறை ஜாடியை உருட்டிவிட்டால் சர்க்கரை கரைந்துவிடும், மேலே மிதக்கும் பழத்தில் பூஞ்சணமும் பிடிக்காது. அப்புறம் இருட்டு அலமாரி. மூன்று மாதத்தில் பழத்தை எடுத்துவிட்டு, சாற்றை மட்டும் டிசம்பர்வரை தூங்கவிடுவேன்.

கொட்டையை உடைத்துப் போட்டால் பாதாம் மணம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்பருப்பில் இருக்கும் அமிக்டலின் என்ற பொருள் சயனைடைக் கொடுக்கும். முழுக் கொட்டையோடு ஊறும்போதே லேசான பாதாம் வாசம் தானாக வரும், அது போதும்.

பிராந்தியா வோட்காவா என்றால், பழத்தின் நிறமும் புளிப்பும் தெளிவாகத் தெரிய வோட்கா. கேக் வாசம் மாதிரி ஆழமாக வர பிராந்தி. நான் பிராந்தி கட்சி.

செலவுக் கணக்கில் பிராந்தி பாட்டிலோடு ஒரு சின்ன வேடிக்கை. காலி பாட்டில்கள் காட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கக் கூடாது என்று, 2022 முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். வடிகட்டிய லிக்யூரை அதே பாட்டிலில் நிரப்பி வைத்தால் அந்த 10 ரூபாய் அடுத்த வருடம்வரை வராது. பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது: ஆறு மாதம் ஒரு ஜாடியைக் கணவரிடமிருந்தும் வந்து போகும் மைத்துனர்களிடமிருந்தும் காப்பாற்றுவது.

வரவும் உண்டு. எடுத்த பழத்தைக் கொட்டை நீக்கி, நறுக்கி, கேக்கில் போடலாம். பிளம் கேக்கில் பிளம் என்பது பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சையைத்தான் குறித்தது. எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயர் நிஜமாகிவிட்டது.

ஊற்றும்போது ஐஸ் வேண்டாம். டிசம்பர் ராத்திரியில் நம் வீட்டு அலமாரியே ஃப்ரிட்ஜ் மாதிரிதான் இருக்கும். 30 மில்லி, அப்படியே. ரொம்பக் குளிர் என்றால் ஜப்பானியர்கள் செய்வதுபோல இரண்டு பங்கு வெந்நீர் விட்டுக் கொடுங்கள், வாசம் அறை முழுக்க எழும்பும். சூடான கேக் துண்டின்மேல் ஒரு ஸ்பூன் விட்டாலும் அருமை.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். இனிப்பு மதுவை மறைத்துவிடும். இரண்டு சின்னக் கிளாஸ் குடித்தால் ஏறக்குறைய ஒரு 30 மில்லி பிராந்தி உள்ளே போனதற்குச் சமம். பனியில் மேட்டுப்பாளையம் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டியவருக்கு இதை ஊற்றாதீர்கள். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மட்டுமே. தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21 என்பதால் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இல்லை. வயதைக் கேட்டு ஊற்றும்போது முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

## லிமோன்செல்லோ

இத்தாலியின் தெற்கே சொரெண்டோ, அமால்ஃபி, காப்ரி பகுதியின் சொத்து. எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் சீவி, வெள்ளைப் பகுதி படாமல், வீரியமான மதுவில் ஊறவைத்துப் பாகு சேர்ப்பார்கள். சாறு ஒரு சொட்டும் சேராது. தோலின் எண்ணெய்தான் எல்லாம், பாகு சேர்ந்ததும் கலங்குவதும் அந்த எண்ணெயால்தான். சாப்பாட்டுக்குப் பின், ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டிலைச் சின்னக் கிளாஸில் ஊற்றிக் குடிப்பது அங்கே வழக்கம். அந்த ஆல்கஹாலில் வீட்டு ஃப்ரீசரில் உறையாது.

பிரச்சினை அங்கேயே ஆரம்பம். மத்தியதரைக் கடல் வெயிலுக்குப் பனிபோலக் குளிர்ந்த கிளாஸ் சொர்க்கம். ஊட்டியில் ஜனவரி ராத்திரி, கம்பளி போர்த்திய அத்தையிடம் அதை நீட்டிப் பாருங்கள். அறைக் குளிரில் கொடுத்தாலோ, சர்க்கரையும் மதுவின் காட்டமும் தனித்தனியாகத் தெரியும். மலையில் இதற்குச் சரியான நேரம் ஏப்ரல் மே மதிய விருந்து.

கொண்டுவருபவருக்கு இரண்டு விவரம். வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வை இல்லாமல் கொண்டுவர முடிவது 2 லிட்டர் மது. வழியில் விமானம் மாறினால், டூட்டி ஃப்ரீ கடையில் ஒட்டிய பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் அடுத்த சோதனையில் போய்விடும்.

வீட்டிலேயே செய்யலாமா என்றால், நாம் சாதத்துக்குப் பிழியும் சின்ன எலுமிச்சையில் தோல் மெல்லிசு, சீவினால் வெள்ளையும் கூடவே வந்து கசக்கும். கீழ்ப்பழனி மலைக்காரர்களுக்கு என் யோசனை வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கமலா ஆரஞ்சு கிடைக்கும்போது அதன் தோலைப் பயன்படுத்திப் பாருங்கள். லிமோன்செல்லோ என்று சொல்லிக்கொள்ள முடியாது, ஆனால் மணத்தில் குறைவிருக்காது.

பெய்லீஸ் மாதிரிக் கிரீம் லிக்யூரைப் பற்றியும் கேட்கிறார்கள். 1974இல் வந்த சரக்கு, 17 சதவீதம், பால் பாயசம் மாதிரி இறங்கும். கண்டென்ஸ்டு மில்க் வைத்து வீட்டில் செய்வது ஃப்ரிட்ஜில் கொஞ்ச நாளே தாங்கும். கேக் சாப்பிட்ட வயிற்றுக்கு அது இன்னொரு கேக். நான் வைப்பதில்லை.

## இருவருக்கும் சொன்னது

ஹோம்ஸ்டே நண்பருக்கு: காசு கொடுத்துத் தங்குபவர்களுக்கு மது ஊற்ற உரிமம் வேண்டும், அதனால் அவர்கள் மேஜையில் இஞ்சி ஒயின் மட்டும் வைத்துவிடுங்கள். மகன் கொண்டுவரும் மஞ்சள் பாட்டிலை ஃப்ரீசரில் படுக்கவைத்து, சீசன் கூட்டத்துக்கு நடுவே ஓய்வு கிடைக்கும் ஒரு மே மாத மதியம் வீட்டு ஆட்களோடு திறங்கள். கொடைக்கானல் குளிரில் டிசம்பருக்கு அவசரப்பட வேண்டாம்.

சித்தி மகளுக்கு: உன் வீட்டில் மாமனார் தொட மாட்டார், நாத்தனார் கர்ப்பமாக இருக்கிறாள், பிள்ளைகள் நாலு பேர். பெரிய ஜாடி இஞ்சி ஒயின் போடு. உனக்கும் தம்பிக்கும் ஆசையாக இருந்தால் ஒரே ஒரு கிலோ பிளம், ஜூன் முடிவதற்குள்.

போன வாரம் ஃபோன் செய்தாள். இரண்டு கிலோ வாங்கி, துடைத்து, உலர விரித்துவிட்டுத் தூங்கப் போனாளாம். காலையில் எழுந்து பார்த்தால் பிள்ளைகள் தின்றது போகத் தட்டில் பதினோரு பழம். "அதை வைத்து ஏதாவது பண்ணலாமா அக்கா?" என்கிறாள். சட்னி அரைக்கச் சொல்லியிருக்கிறேன்.